பதினொன்றேகால் மணிச் சோறு

"பசிச்சு அழுகற பிள்ளைக்குச் சோறூட்டற மாதிரி வெட்டி வேலை ஒலகத்துல கெடையாது. அழுகறதுக்கு அரை மணி முந்தியே ஊட்டிப் போடோணும்."

அக்கா இதைச் சொல்லாத நாள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, என் வீட்டுக்காரரின் மூத்த அண்ணன் மனைவி. பெயரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அவர் இருந்த காலத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மாமியாருக்கு அவர் 'பெரியவ', பிள்ளைகளுக்குப் பெரியம்மா, எனக்கும் நடு ஓரகத்திக்கும் அக்கா. பாலக்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் சாக்கு மண்டியும் வீடும் ஒட்டினாற்போல இருந்த அந்தக் கட்டடத்தில் மாமியும் மூன்று அண்ணன் தம்பிகளும் மூன்று மருமகள்களும் நான்கு பொடுசுகளும் இருந்தோம். பொடுசுகளில் இரண்டு நடுவக்காவின் இரட்டையர், மூன்று வயது. மற்ற இரண்டும் என்னுடையவை, இரண்டரை வயதில் பையனும் ஒரு வயதில் பெண்ணும். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் வண்டன்மேட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அத்தாவுக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம். மலையில் பிள்ளைக்குப் பசித்தால் அது அடுப்படிக்கு ஓடி வரும், கையில் அகப்பட்டதைக் கொடுத்து அனுப்புவோம், அவ்வளவுதான். இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மணி. காலையில் ஏழு, பிறகு பத்தரை, பிறகு ஒன்று, நாலு, ஆறரை. "பிள்ளையா, பஸ்ஸா அக்கா?" என்று வந்த புதிதில் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "பஸ்ஸு நின்னாத் தள்ளி உட்டரலாம். பிள்ளை நின்னா நீ தள்ளுவியா?" என்றார்.

மூத்தவர் தூக்கிப் போட்ட பழைய கைக்கடிகாரம் ஒன்று அக்காவிடம் இருந்தது. வார் அறுந்துபோனது. அதை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிவைத்திருப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பார், மறுபடி முடிவார். நடுவக்கா அவர் முதுகுக்குப் பின்னால் அதேபோல முந்தானையை அவிழ்த்து முடிந்து காட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் அம்மிக்கல்லில் குனிந்துகொண்டு சிரிப்போம். என்ன திமிர் எங்களுக்கு!

ஆனால் அந்தக் கடிகாரம் எங்களை எத்தனை தடவை காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். வாளையாரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வண்டி கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வர வேண்டும். செக்போஸ்ட்டில் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றதில் வண்டி மாட்டிக்கொண்டது. நிக்காஹ் முடியாமல் பந்தி கிடையாது. பந்தியிலும் முதலில் ஆண்கள், அப்புறம்தான் பெண்கள், பெண்களோடு பிள்ளைகள். அக்கா பதினொரு மணிக்கே சமையல் கொட்டகைக்குப் போய்ப் பண்டாரி முன்னால் நின்றார். மசாலா சேர்க்காத நெய்ச்சோறும் பருப்பும் வேண்டும் என்றார். பண்டாரி தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை வராம எப்படீங்க சட்டியத் தொறக்கறது?"

"பெரியவங்க காத்துக் கெடங்க, நான் வேண்டாங்கலே. இதுகளுக்கா இன்னிக்கு நிக்காஹ்?"

பண்டாரி சிரித்துவிட்டார். சோறு கிடைத்தது. அப்போதெல்லாம் அக்காவேதான் ஊட்டுவார். நான்கையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே தட்டில் பிசைந்து, வரிசை தப்பாமல் வாய்க்கு வாய் கொடுப்பார். இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்து இறங்கியபோது கல்யாண வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தரையில் புரண்டு அலறிக்கொண்டிருந்தன. எங்கள் நான்கும் மணப்பெண் அறையில் கட்டிலுக்கடியில் தூங்கின. அதைப் பார்த்த ஒரு கிழவி, வாயில் வெற்றிலையோடு, "பெத்தவளுக சும்மா உக்காந்திருக்காளுக, பெறாதவளுக்குத்தான் இத்தனை துடிப்பு" என்றாள். அக்கா காதில் நன்றாக விழுந்தது. முந்தானையை அவிழ்த்து மணி பார்த்தார். மணி பார்க்க அப்போது ஒரு தேவையும் இல்லை. மனதில் ஏதாவது தைத்தால் அக்கா மணி பார்ப்பார் என்று எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது.

இனி என் வாயைப் பற்றி. இதைச் சொல்லாமல் தள்ளிப் போடலாம், ஆனால் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகாது.

ஒருநாள் என் பையன் மத்தியானச் சோறு தின்றதும் வாந்தி எடுத்தான், ராத்திரி காய்ச்சல். மறுநாளும் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுப்படியில் நான் உப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. நெடி வரவில்லை. நடுவக்கா என்னைப் பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தி, "நேத்து ஊட்டுறப்ப அக்கா அவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஆசையாத்தான் பாத்தாக. ஆனாலும் பிள்ளை இல்லாத கண்ணுல்ல?" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, அக்கா பின்கட்டு வாசலில் நின்றார். கையில் பையனுக்கென்று ஆற்றிய கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

"யாருக்குச் சுத்திப் போட்டே?" என்று கேட்டார்.

"பையனுக்கு. தெருவுல யாரோ..." என்று நான் இழுத்தேன்.

"ஆமா. நெடியே வரலியே" என்றார். கிண்ணத்தைத் திட்டில் வைத்தார். முந்தானையை அவிழ்த்து மணி பார்த்துவிட்டுப் போனார்.

கேட்டிருப்பாரா, கேட்டிருக்க மாட்டாரா என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நேரக் கணக்கு முன்னைவிடக் கறாரானது, அவ்வளவுதான். பத்தரைக்கு ஊட்ட வேண்டும் என்றால் பத்து இருபதுக்கே குரல் கொடுப்பார். கஞ்சியோ குழைந்த சோறோ சரியான சூட்டில் தயாராக இருக்கும். ஆனால் ஊட்டும்போது அவர் இருக்க மாட்டார். பத்தரைக்கு மொட்டைமாடியில் மிளகாய் காயவைக்கப் போயிருப்பார், ஒரு மணிக்குக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பார், நாலு மணிக்குத் தொழுகைப் பாயில் இருப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்காவுக்கு வேலை கூடிப்போச்சு, பாவம் என்று நினைத்தேன். மனசு தனக்குச் சௌகரியமானதை எவ்வளவு சுலபமாக நம்புகிறது!

மலம்புழையில் அணை கட்டி முடித்துத் தோட்டம் போட்டிருந்த வருஷங்கள் அவை. பூச்செடியும் நீரூற்றும் ஊஞ்சலும் சாயங்காலமானால் கலர் விளக்கும் இருக்கின்றன என்று ஊரே பேசியது. பள்ளிக்கூட லீவில் கோயமுத்தூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. நாமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நடுவக்கா ஆரம்பித்தாள். மாமி உடனே, "மூணு மணிக்கே எந்திரிச்சுப் புளிச்சோறு கிண்டிக் கட்டிக்கோங்க" என்றார்.

அக்கா அன்றைக்குத்தான் மாமியை எதிர்த்துப் பேசி நான் கேட்டேன். "வேண்டாங்க மாமி. மீன மாச வெயில்ல புளிச்சோறு பிள்ளை வயித்துக்கு ஆகாது. அதுவுமில்லாம, மூணு மணிக்கு எந்திரிச்சுக் கிண்டுனவ அங்க போய்த் தோட்டத்தப் பாப்பாளா, தூங்கி உழுவாளா? ஓட்டல்ல சாப்புடறோம்."

எங்கள் வீட்டுப் பெண்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஆண்கள் இருக்கிற கூடத்தில் எப்படி உட்காருவது? அதற்கும் அக்கா வழி வைத்திருந்தார். அணையடியில் ஓர் அய்யர் ஓட்டலில் திரை போட்ட குடும்ப அறை ஒன்று இருப்பதாக மண்டிக்கு வரும் லாரி டிரைவரிடம் விசாரித்திருந்தார். அதோடு நிற்கவில்லை. நாலு நாள் முன்னால் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஓட்டலைப் பார்க்கவே மலம்புழைக்குப் போனார். "அணையப் பாக்க ஒரு தடவை, ஓட்டலப் பாக்க ஒரு தடவையாம்" என்று வீட்டில் மூன்று ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஆறு நாற்காலி. நாங்கள் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அக்கா ஓட்டல்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார். சோறு எப்போது வடிப்பீர்கள், ரசத்தில் மிளகு எவ்வளவு, கை கழுவும் குழாய் எங்கே, இந்த அறை எப்போது காலியாக இருக்கும்? அய்யர் முதலில் விழித்தார், அப்புறம் அவருக்கும் சுவாரசியம் வந்துவிட்டது.

"பதினொண்ணுக்கு சாதம் வடிச்சுடுவோம். பதினொண்ணேகாலுக்கு வந்தேள்னா இந்த ரூம் காலியாத்தான் இருக்கும். பன்னெண்டரைக்கு மேல வந்தா அடிபிடியாக்கும், என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, கேட்டேளா?"

"பதினொண்ணேகால். நாலு பிள்ளைக, ரெண்டு தாய்மாரு. ரசம் தெளிவா, மொளகு இல்லாம தனியா ஒரு கிண்ணம். சோறு கொஞ்சம் கொழைய இருந்தா நல்லதுங்க."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "நீங்களும் வர்றீகல்ல அக்கா? உங்கள விட்டுட்டுச் சொல்றீகளே?"

"நான் வெளிய நிப்பேன். காத்துல தெரை பறக்குது பாரு, யாராச்சும் புடிக்கோணும்" என்றார் அக்கா.

திரும்பும் வழியில் ஓட்டலிலிருந்து தோட்ட வாசல் வரைக்கும் குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்தார். பொடுசு நடந்தால் இருபத்தைந்து நிமிஷமாம். வழியில் நாயோ மாடோ நின்றால் இன்னும் ஐந்து. சாலையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்ணொருத்தி பொடுசு நடை நடந்து போவதைப் பார்த்து ஒரு சைக்கிள்காரன் விழுந்தே போனான்.

போன நாளில் எல்லாம் கணக்குப்படி நடந்தது, ஓட்டல் வாசல் வரைக்கும். ஏழு மணிக்கு இடியாப்பம், எட்டு மணி பஸ், ஒன்பது மணிக்குத் தோட்டம், பத்தரைக்கு ஆளுக்கொரு துண்டு வாழைப்பழம். நீரூற்றைக் கண்டு இரட்டையர் கூத்தாடினார்கள். என் பெண் ஒவ்வொரு பூவையும் வாயில் வைக்கப் பார்த்தாள். பத்து ஐம்பதுக்கு அக்கா, "போதும், கெளம்புங்க" என்றார். ஒரு பிள்ளையும் அழவில்லை. துணைக்கு வந்த என் வீட்டுக்காரர் மட்டும் மதகைப் பார்க்கிறேன் என்று அணை மேல் போனவர் போனவர்தான். பதினொன்றேகால் என்று நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தோம்.

ஓட்டலுக்குள் நுழைந்தால் பச்சைத் திரைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். அய்யர் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார். "யாரோ பெரிய உத்தியோகஸ்தர் குடும்பம், சொல்லாம கொள்ளாம வந்து உக்காந்துட்டா. நான் எப்படி எழுந்திருங்கோன்னு சொல்லட்டும்? ஒரு முக்கால் மணி பொறுத்துக்கோங்கோ."

முக்கால் மணி! அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. சாதம் வேகும் வாசனை பிள்ளைகள் மூக்கில் ஏறிவிட்டது. பத்து நிமிஷத்தில் இரட்டையரில் ஒருவன் தரையில் உட்கார்ந்து காலை உதைத்தான். மற்றவன் அவனைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தான். என் பெண் என் தோளைக் கடித்தாள். பையன் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான், தூக்கமும் பசியும் ஒன்றாக வந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணா வந்தா அப்பறம் அது பிள்ளை இல்லை, பேயி" என்று அக்கா சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது. கூடத்தில் பஸ்காரர்களும் அணை வேலையாட்களும் நிறைந்திருந்தார்கள். நடுவக்கா துப்பட்டியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, "ஊட்டுக்கே போயர்லாம்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். கூடத்து மூலையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை காலியாக இருந்தது. "அங்க உக்காருங்க" என்றார். நாங்கள் தயங்கினோம். "உக்காருங்கன்னு சொல்றேன்!" என்று அதட்டினார். உட்கார்ந்தோம். அவர் தன் மேலிருந்த துப்பட்டியைக் கழற்றினார். வெளியே வந்தால் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதன் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மூலைக்குக் குறுக்கே விரித்து நின்றார். எங்களுக்குத் திரை கிடைத்தது. அவருக்கு இல்லை. கையைத் தூக்கியதில் சேலைத் தலைப்பும் தலையிலிருந்து நழுவியது. கூடத்தில் இருந்த ஆண்கள் ஒரு கணம் பார்த்தார்கள், பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அய்யர் தானே சாதம் கொண்டுவந்து, துணிக்குக் கீழே குனிந்து வைத்துவிட்டுப் போனார். மிளகில்லாத ரசக் கிண்ணத்தையும் அவர் மறக்கவில்லை.

துணியைப் பிடிக்கிறவர் எந்தப் பக்கமும் நிற்கலாம். துணிக்கு உள்பக்கம், எங்களைப் பார்த்து நின்றிருந்தால் அவர் தலையும் மறைந்திருக்கும். அக்கா வெளிப்பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். துணியின் மேல் விளிம்பு தொய்ந்த இடத்தில் அவர் கொண்டை மட்டும் எனக்குத் தெரிந்தது. வாசல் வெயில் பட்டு அவர் கைகளின் நிழல் துணியில் விழுந்தது.

இரட்டையர் தின்னத் தொடங்கினார்கள். என் பையன் வாயைத் திறக்கவில்லை. சோற்றைக் கொண்டுபோனால் தலையை ஆட்டுகிறான். "பெரியம்மா" என்று துணியைக் காட்டி அழுகிறான். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில், "அக்கா, இவன் வாயவே தொறக்க மாட்டேங்கிறான்" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. அப்படியே நின்றபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நான் பாக்கலை, அம்மிணி. நீ பயப்படாம ஊட்டு."

என் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

மாடி, கிணற்றடி, தொழுகைப் பாய் எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. எட்டு மாசமாக ஒவ்வொரு வேளையும் பிள்ளைகளுக்குச் சோறு தயார் செய்துவிட்டு, தன் கண் படாமல் இருக்கத் தன்னையே கடிகாரம் வைத்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் அடுப்படியில் சொன்ன ஒரு வார்த்தைக்காக. வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்கு, அந்த ஓட்டல் மூலையில், எச்சில் கையோடு தெரிந்துகொண்டேன்.

எழுந்தேன். இடது கையால் துணியின் ஒரு நுனியை அவரிடமிருந்து வாங்கி ஜன்னல் கம்பியில் சுற்றி முடிந்தேன். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வந்து உக்காருங்க அக்கா. நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

"மணி பன்னெண்டு ஆகப்போகுது."

"ஆகட்டும்."

"மாமிக்குத் தெரிஞ்சா..."

"மாமி இங்கிட்டு இல்ல. நான்தேன் இருக்கேன். உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். தலைப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டார். முந்தானை முடிச்சுக்குக் கை போனது, அவிழ்க்கவில்லை. வந்து உட்கார்ந்து பையனை மடியில் வைத்தார். ஆனால் இலையைப் பார்த்தபடியேதான் ஊட்டினார். முதல் வாய் அவன் மூக்கில் போயிற்று. "மொகத்தப் பாத்து ஊட்டுங்க அக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பயல் அன்றைக்குத் தின்றதுபோல என்றைக்கும் தின்றதில்லை. நடுவக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். முடியவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம், புழுக்கம், புகை நாற்றம். போதாததற்கு என் வீட்டுக்காரர் மதகைப் பார்த்துவிட்டு வந்த குற்றத்துக்குப் பரிகாரமாகப் பையனுக்குச் சிவப்புச் சர்பத் வாங்கிக் கொடுத்திருந்தார். பாதி வழியில் பையன் அக்காவின் மடியிலேயே வாந்தி எடுத்தான். அக்கா அவன் வாயைத் துடைத்தார். அவனை என் கையில் கொடுத்தார். எழுந்து போய் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். வீடு வருகிற வரைக்கும் திரும்பவில்லை.

வீட்டு வாசலிலேயே மாமி பையனின் முகத்தைப் பார்த்துவிட்டார். "வாந்தியா? யாரு முன்னாடி ஊட்டுனே?" என்று கேட்டுக்கொண்டே உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். நடுவக்கா என்னைப் பார்த்தாள். அக்கா சட்டென்று மாடிப்படி ஏறினார்.

"பெரியக்கா ஊட்டுனாக, மாமி. நான்தேன் ஊட்டச் சொன்னேன்" என்றேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் நின்றது. "பஸ்ஸு நாத்தம், அதோட உங்க மகன் வாங்கிக் குடுத்த சர்பத்து. வேறொண்ணுமில்ல."

மாமி பையன் தலையைச் சுற்றி மூன்று தடவை எடுத்து அடுப்பில் போட்டார். எல்லோரும் நின்றோம்.

நெடி வரவில்லை.

காலை இடியாப்பத்துக்கு அப்புறம் அடுப்பு பற்றவைக்கவில்லை, சாம்பலுக்கடியில் கங்கு செத்துக் கிடந்தது. அது மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். பையன் நெற்றியை அன்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பத்து இருபதுக்கு அக்காவின் குரல் வந்தது. கஞ்சி திட்டில் தயாராக இருந்தது. அவர் மாடிக்குப் போய்விட்டார். நான் பையனை இடுப்பிலும் கிண்ணத்தைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கஞ்சி படியெல்லாம் சிந்தியது. அக்கா காய்ந்த மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு இங்க வந்தே? வெயிலு. கீழ நெழல்ல கொண்டுபோய் ஊட்டு."

"நீங்க வந்தாக் கீழ வர்றோம்."

"நேத்துப் பட்டது போதாதா உனக்கு?"

"போதாது" என்றேன்.

கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டார். பிறகு முந்தானையை அவிழ்த்து மணி பார்த்தார். "பத்து நாப்பது! பிள்ளையப் பட்டினி போட்டுட்டு இங்க நின்னு வாயாடிக்கிட்டு இருக்கியா?" என்று என்னை வைதுகொண்டே பையனை வாங்கி இடுப்பில் வைத்துக் கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு என் இரண்டுக்கும், பின்னால் பிறந்த இரண்டுக்கும் அக்காதான் ஊட்டினார். மாமி முணுமுணுத்து ஓய்ந்தார். நான் அந்த அடுப்படிப் பேச்சைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நானாவது அந்தப் பேச்சை எடுத்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் பிள்ளை நன்றாகத் தின்று, வாயைத் திறந்து சிரிக்கும்போதெல்லாம், அக்கா பாதி ஊட்டலில் முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். தெரியாமலே செய்வார். நான் எங்கே என்ன வேலையாக இருந்தாலும் அங்கிருந்தே, "அக்கா" என்று கூப்பிடுவேன். உடனே திரும்பிப் பிள்ளையைப் பார்ப்பார். கடைசிப் பிள்ளை தானே அள்ளித் தின்னப் பழகும் வரைக்கும் நான் கூப்பிட வேண்டியிருந்தது.